மூன்று சுவர் வீடு

எங்கள் கடையில் அவரை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கடை என்றால் மூன்று மாடி ஃபர்னிச்சர் கடை. நான் அங்கே ஃபிட்டர். அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வருவதைக் கட்டிலாகவும் அலமாரியாகவும் மாட்டிக் கொடுப்பது என் வேலை. அதையெல்லாம் வீடு மாதிரி ஆக்குவது அக்காவின் வேலை. இரண்டாவது மாடியில் வரிசையாகப் பதினோரு மாதிரி அறைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்றே சுவர். நான்காவது பக்கம் வாடிக்கையாளர் நின்று பார்க்கிற பக்கம். அந்தப் பக்கம் ஒரு துரும்பை வைக்கக்கூட அக்கா விட மாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல எண்ணத்தில்தான், ஒரு சாப்பாட்டு மேஜைக்கு நான்கு பக்கமும் நாற்காலி போட்டுவிட்டேன்.

"இது யாருக்கு?" என்றார்.

"மேஜைக்கு நாலு பக்கம் இருக்கேக்கா."

"வர்றவங்களுக்கு நாற்காலி முதுகைக் காட்டுமா? வாசல்லயே முதுகைக் காட்டினா எவன் உள்ள வருவான்? எடு அதை."

எடுத்தேன். அதற்கப்புறம் பதினோரு வருடமாக எந்த மேஜைக்கும் நான் நான்காவது நாற்காலி போட்டதில்லை. அது பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நேராகக் கோடவுனுக்குப் போய்விடும்.

அந்த அறைகளில் பார்க்க எல்லாம் இருக்கும், எதுவும் வேலை செய்யாது. கடிகாரத்துக்கு செல் கிடையாது, எல்லாம் பத்து பத்திலேயே நிற்கும். அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் வெறும் அட்டை. டிராயர்களை உள்ளேயிருந்து ஆணி அடித்துவிடுவோம், இல்லையென்றால் வருகிற பிள்ளைகள் இழுத்துப் போட்டு விரலை நசுக்கிக்கொள்ளும். விளக்குகளின் ஒயரிலிருந்து பிளக்கை நானே வெட்டி எடுத்துவிடுவேன். இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போய், வெளியே யாருக்காவது சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் கடை வேனை ஓட்டியவர். டிரைவர் அண்ணன். வாய் ஓயாத மனிதர். மாடிப்படியில் பீரோவைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதுகூட மூச்சு வாங்கப் பேசிக்கொண்டே ஏறுவார். போன வருடம் ஒரு மத்தியானம், சரக்கை இறக்கிவிட்டு வேனில் போய் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. கதவைத் திறந்து பார்த்தது நான்தான். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

மூன்றாவது வாரமே அக்கா வேலைக்கு வந்துவிட்டார். அழவில்லை. யார் மேலும் எரிந்து விழவில்லை. அறைகளைப் பழையபடி இரண்டு விரல் இடது, ஒரு விரல் வலது என்று நகர்த்திக்கொண்டிருந்தார். "தேறிட்டாங்க" என்றார் மேனேஜர். மேனேஜருக்கு எதுவாக இருந்தாலும் சீக்கிரம் முடிய வேண்டும். எனக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு குஷன் கோணலாக இருந்தால்கூட என்னைக் காய்ச்சி எடுத்துவிடுவார். இப்போது கோணலைப் பார்ப்பார், சரி செய்வார், போய்விடுவார்.

வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக யாருக்காவது கொடுத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டில் பக்கத்து வீட்டுக்கு. சோபா காவலாளிக்கு. சாப்பாட்டு மேஜை யாருக்குப் போனது என்று அவருக்கே நினைவில்லை.

"ஏன்க்கா?" என்று கேட்டேன்.

"இருந்தா தினம் துடைக்கணும்பா."

பாயில் படுத்தார். அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே, காலையில் ஆக்கியதை இரவு அப்படியே சாப்பிட்டார். அதையெல்லாம் மறைக்கவும் இல்லை, சொல்லிப் புலம்பவும் இல்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்.

"கால் மரத்துப்போனா தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி என்னையே தட்டித் தட்டிப் பார்க்கறேன் தம்பி. ஒண்ணும் தெரியலை."

சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். 

அவருக்கு ஒரே மகள். வெளியூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். வாரம் இரண்டு முறை வீடியோவில் கூப்பிடுவாள். அக்கா எப்போதும் ஒரே சுவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசுவார். அந்தச் சுவரில் ஒரு கண்ணாடியும் ஒரு காலண்டரும் உண்டு, பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரு நாள் போன் கைநழுவிக் கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் காலியாகக் கிடந்த கூடம் முழுவதையும் காட்டிவிட்டது.  மகள் உடனே நர்ஸ் குரலில் பேசியிருக்கிறாள்.

"அடுத்த மாசம் வீட்டு வாடகை ஒப்பந்தம் முடியுதுல்ல? புதுப்பிக்காதே. என்கூட வந்துடு."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பத்தாம் தேதி நாங்க அந்தப் பக்கமா வர்றோம். நானு, அவரு, அத்தை, மூணு பேரும் அன்னிக்கு ராத்திரி உன் வீட்லதான் சாப்பாடு. வந்து பார்க்கறேன். வீடு வீடா இருந்தா இரு. இல்லைன்னா பெட்டியைக் கட்டு."

மறுநாள் அக்கா என்னிடம் வந்து இதை அப்படியே ஒப்பித்தார். மகளோடு போய் இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"அங்க காலைல எழுந்து எங்க போறது? அவ வீட்ல எல்லாம் அதது இடத்துல இருக்கு. நான் நகர்த்தறதுக்கு ஒண்ணும் இல்லை." கொஞ்சம் நிறுத்தி, "இங்கயே இருந்துடறேனே" என்றார்.

கெஞ்சலாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு மேஜையை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். ஆனாலும் அண்ணன் போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த ஒரே ஆசை அதுதான்.

நல்ல வேளையாக அந்த வாரம் ஐந்தாம் நம்பர் அறையைக் கலைக்கிற முறை. கலைத்த அறையின் சாமானைக் கடை ஆட்களே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. மேனேஜர் வழக்கம்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மூன்றடிக்கு மூன்றடி மேஜை, மூன்று நாற்காலி, இரண்டு பேர் உட்காரும் சோபா, தரையில் நிற்கும் விளக்கு, டிராயர் வைத்த அலமாரி, கடிகாரம், புத்தகங்கள் எல்லாவற்றையும் வேனில் ஏற்றினோம்.

அக்காவின் வீடு மூன்றாவது மாடியில். கூடம் பதினோரு அடிக்குப் பத்தடி, ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத அடுப்படி. மாடிப்படி வளைவை அக்கா முதல் நாளே மூன்று முறை அளந்துவிட்டார். அண்ணன் இருந்தால் அளக்கவே வேண்டாம், கண்ணாலேயே சொல்லிவிடுவார். சோபாவின் கால்களைக் கழற்றி, செங்குத்தாக நிறுத்தி, சுவரில் ஒரு கீறல் படாமல் ஏற்றினோம்.

உள்ளே அக்கா சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டார். சோபா ஜன்னலுக்குக் கீழே, அலமாரி இடது சுவரில், விளக்கு மூலையில். மூலையில் வெளிச்சம் இருந்தால் சின்ன அறை பெரிதாகத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி ஜன்னலுக்கு எதிரே மாட்டச் சொன்னார். மேஜை நடுவில். மூன்று பக்கம் மூன்று நாற்காலி. வாசலைப் பார்த்த பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். கதவைத் திறந்ததும் மேஜை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறவரைப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு பேரும் வாசலில் போய் நின்று பார்த்தோம். அக்கா தலையைச் சாய்த்தார். பழக்கதோஷம், நானும் சாய்த்தேன்.

"அப்படியே நம்ம அஞ்சாம் நம்பர்க்கா" என்றேன்.

"சரியா இருக்கு" என்றார். பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை.

பத்தாம் தேதி மாலை வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. விளக்குக்கு பிளக் இல்லை! அதை வெட்டிய புண்ணியவான் நானேதான். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரையும் ஒரு பிளக்கையும் எடுத்துக்கொண்டு வண்டியை விரட்டினேன்.

அக்கா சமையலை முடித்திருந்தார். சோறு, கோழிக்கறி, ஒரு சூப். மேஜையில் மூன்று தட்டு, மூன்று டம்ளர், மடித்த துணி. விளிம்பிலிருந்து தட்டுக்கு ஒரே அளவு இடைவெளி. அளந்துதான் வைத்திருப்பார். நான் சோபாவுக்குப் பின்னால் மண்டியிட்டு ஒயரின் தோலை உரிக்க ஆரம்பித்தேன். அரைக்கிணறு தாண்டுவதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

மகள் முதலில் நுழைந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த முகத்தை நான் சோபா முதுகுக்கு மேலாகப் பார்த்தேன். கடையில் புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படித்தான் முகம் மலரும்.

"அம்மா! நம்ம வீடா இது?"

"உள்ள வாங்க" என்றார் அக்கா, எல்லோருக்கும் சொல்கிற குரலில்.

"அங்க யாரு, ஃபிட்டர் மாமாவா? என்ன மாமா, ஒளிஞ்சு விளையாடறீங்களா?"

"லைட்டு எரியணும்ல, அதான்மா" என்றேன். மாப்பிள்ளை வணக்கம் சொன்னார். நல்ல பையன், எதைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்கிற வகை. அவருடைய அம்மா, அக்காவுக்குச் சம்பந்தி, கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்கும் கண் என்று எனக்கு உடனே தெரிந்தது. மேனேஜருக்கும் அதே கண்தான்.

"மணி பத்தாயிடுச்சா?" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அது அப்படித்தாங்க. பத்து பத்துல வச்சாத்தான் பார்வையா இருக்கும்" என்றார் அக்கா.

மாப்பிள்ளை புத்தகம் ஒன்றை எடுத்தார். எடுத்த வேகத்தில் கை மேலே போய்விட்டது, அவ்வளவு கனமில்லை. திறந்து பார்த்தார், உள்ளே காற்று. சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டார். அந்த நாகரிகத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதையே வந்தது. மகள் கரண்டி எடுக்கலாம் என்று அலமாரி டிராயரை இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள்.

"அது திறக்காதும்மா. ஆணி அடிச்சிருக்கு" என்றார் அக்கா.

மகள் கையை எடுத்துவிட்டாள். முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. நர்ஸ் அல்லவா, ஒரு அறிகுறி கிடைத்தால் அடுத்ததைத் தேடுவாள். நான் அவசர அவசரமாக ஸ்க்ரூவை முறுக்கினேன். ஸ்க்ரூ கைநழுவி சோபாவுக்கு அடியில் உருண்டு போனது.

"உக்காருங்க, சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடலாம்" என்றார் அக்கா.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இடது பக்கம் மாப்பிள்ளை, வலது பக்கம் சம்பந்தியம்மா, நடுவில் வாசலைப் பார்த்து மகள். அக்கா பரிமாறினார். பரிமாறி முடித்துவிட்டு நான்காவது பக்கத்துக்கு வந்து, இரண்டடி பின்வாங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து மேஜையைப் பார்த்தார்.

"நீங்களும் உக்காருங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"நான் அப்புறமா சாப்பிடறேன்."

"அவங்க பரிமாறிட்டுச் சாப்பிடுவாங்க, விடுப்பா" என்றார் சம்பந்தியம்மா. எந்த வீட்டிலும் அதோடு பேச்சு முடிந்திருக்கும். மகள் விடவில்லை. அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அலுமினியக் கிண்ணம், அதற்குள் ஒரு ஸ்பூன். எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நாலாவது நாற்காலி எங்கம்மா?"

"கோடவுன்ல."

"இங்க ஏன் இல்லை?"

"இந்தப் பக்கம் போடறதில்லைம்மா."

"அப்ப நீ எங்க உக்காந்து சாப்பிடுவே?"

அக்கா மேஜையைப் பார்த்தார். "மூணு பேர்னு சொன்னியே. மூணு தட்டுதான் வச்சேன்."

"நாம எத்தனை பேர்மா?"

அக்கா விரலை நீட்டி எண்ணினார். மாப்பிள்ளை ஒன்று. சம்பந்தியம்மா இரண்டு. மகள் மூன்று. விரல் அங்கேயே நின்றது. 

"ஆமா. என்னை விட்டுட்டேன்" என்றார். கடைக்குப் போய்விட்டு உப்பு வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. வாசலில் நின்று நானும்தானே பார்த்தேன்? தலையைச் சாய்த்து, அஞ்சாம் நம்பர் என்று மெச்சியும் விட்டேன். வீட்டுக்காரி உட்கார இடமில்லை என்பது இரண்டு பேரில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

"பெட்டியைக் கட்டும்மா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. குரல் உடைந்திருந்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு வருடமாக எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கை கழுத்துக்குப் போனது. டேப்பை உருவினார். குனிந்து மேஜை விளிம்பில் நுனியை வைத்து வாசல் வரைக்கும் இழுத்தார்.

"மூணே கால் அடி இருக்கு" என்றார். "கதவு வெளிப்பக்கமாத் திறக்குது. நாற்காலிக்கு ஒண்ணரை அடி போதும்." டேப்பைச் சுருட்டினார்.  பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அஞ்சாம் நம்பரோட நாலாவது பெட்டி கோடவுன்ல இருக்கும். எனக்கு எடுத்துட்டு வர்றியா?"

எனக்கு என்று சொன்னார். நான் வண்டிச் சாவியைத் தேடி எல்லாப் பையிலும் கையை விட்டேன், சாவி கையிலேயே இருந்தது.

கடை மூட அரை மணி நேரம் இருந்தது. கோடவுன்காரர் ஏதோ சீட்டு கேட்டார். நாளைக்குத் தருகிறேன், இல்லாவிட்டால் என்னையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வண்டியின் பின்னால் கட்டினேன். திரும்பி வந்தால், மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. அக்கா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை மட்டும் தரையில் தவழ்ந்து என் ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

எட்டு போல்ட்டு. வாழ்நாளில் இவ்வளவு பேர் பார்க்க நான் நாற்காலி மாட்டியதில்லை. மற்ற மூன்றும் கடை வெளிச்சத்தில் இரண்டு வருடம் நின்று வெளுத்திருந்தன. இது மட்டும் அடர்ந்த நிறத்தில், புது மர வாசனையோடு இருந்தது. நான்காவது பக்கத்தில் போட்டேன். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அக்கா எடுக்கச் சொல்லவில்லை.

மகள் கிண்ணத்தை வைத்துவிட்டு, தன் தட்டைத் தூக்கி அம்மா பக்கம் வைத்தாள். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், பிறகு கொஞ்சம் உள்ளே நகர்ந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். நாங்கள் எல்லோரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், அநாகரிகம்தான்.

"ஆறிப் போச்சே" என்றார்.

மகள் அழ ஆரம்பித்தாள். அப்பா போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"ஏன்டி அழறே? சூடு பண்ணித் தர்றேன்." அக்கா எழப் பார்த்தார்.

"எழுந்திருக்காதே. உக்காரு. நான் பண்றேன்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாத்திரங்களை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சம்பந்தியம்மாவும் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் பிளக்கை முடித்து மாட்டினேன். மூலையில் விளக்கு எரிந்தது. அக்கா சொன்னது சரிதான், அறை பெரிதாகத் தெரிந்தது.

அடுப்படியிலிருந்து மகள் குரல் கேட்டது. "ஒப்பந்தப் பேப்பர் எங்கம்மா வச்சிருக்கே?"

"ஃபிரிட்ஜ் மேல."

"ஆறு மாசத்துக்குப் போடு. அதுக்கு மேல இப்ப பேச மாட்டேன். வந்து பார்ப்பேன்."

நான் அதற்குள் வாசல் பக்கம் வந்திருந்தேன். அக்காவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அறையை ஒரு முறை பார்த்தார். சோபா, ஜன்னல், பத்து பத்தில் நிற்கும் கடிகாரம். அங்கிருந்து அவர் அதையெல்லாம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"தம்பி, நாளைக்கு அந்தக் கடிகாரத்துக்கு ஒரு செல் வாங்கிட்டு வா" என்றார். "கையைக் கழுவிட்டு வந்து நீயும் சாப்பிடு. மேஜையில இடமில்லை, சோபால உக்காந்துக்கோ."

சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "எனக்குக் கொஞ்சம் அதிகமாவே வைம்மா. பசிக்குது."